பச்சைப் பெயின்ட்டுக்கு அடியில்

முதல் சுரண்டலில் பச்சை உதிர்ந்தது. அதற்கு அடியிலும் பச்சைதான் இருந்தது. அன்றைக்கு இரண்டு கோட்டு அடித்தேன் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

தரையில் உட்கார்ந்து, தகரப் பெட்டியை முழங்காலால் அணைத்துக்கொண்டு, வெங்காயம் நறுக்கும் சின்னக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். ஜனவரி மாதக் காலை. ஜன்னலுக்கு வெளியே டெல்லியின் கரோல் பாக் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத பனிமூட்டம். தகரத்தைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும்போல் குளிர்ந்திருந்தது. பெயின்ட் தூள் ஸ்வெட்டரில் விழுந்து, தட்டினாலும் போகாமல் இருந்தது.

எனக்குப் பின்னால் நாலடி தள்ளி, பாய் விரித்து, சிஸ்டரம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். வீட்டுக்கார அம்மாவும் கீழ் வீட்டுப் பெண் ஒருத்தியும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்கார அம்மாவை நாங்கள் பாபிஜி என்போம். பஞ்சாபிக்காரர். சிஸ்டரம்மா குடியிருந்த மொட்டைமாடி அறை அவருடையது.

அவர்கள் இருவரும் சிஸ்டரம்மாவின் கைகளைத் தூக்கி நெஞ்சின் மேல் சேர்த்து வைக்கப் பார்த்தார்கள். கைகள் வரவில்லை. இரண்டும் உடம்பை ஒட்டி நேராக நீண்டிருந்தன. விரல்கள் மடங்கி, கட்டைவிரல் மட்டும் தொடையோரமாக நேராக இருந்தது.

"கையை விட்டுடுங்க, பாபிஜி. அப்படியே இருக்கட்டும்" என்று ஹிந்தியில் சொன்னேன்.

பாபிஜி என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கத்தியும் கையுமாக இருக்கிறவனை வேறெப்படிப் பார்ப்பார்கள்? பைத்தியம் பிடித்துவிட்டதா ஏழுமலை என்று தணிந்த குரலில் கேட்டார்.

பைத்தியம் இல்லை. எனக்கு ஒரு நம்பர் வேண்டியிருந்தது. சவ வண்டி இரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் வேண்டும்.

பிள்ளைகளே, போன வாரம் இந்தப் பக்கத்தில், நாங்கள் முன்பு குடியிருந்த மதராசி கேம்ப்புக்குத் தண்ணீர் லாரி வந்த கதையை எழுதினேன். சிரித்ததாக இரண்டு பேர் கடிதம் போட்டிருந்தீர்கள். இந்த வாரம் சிரிக்க அதிகம் இல்லை. ஆனால் இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். என் மகள் பூஜா, எட்டாவது படிக்கிறவள், சிஸ்டரம்மா காரியம் முடிந்து வந்த அன்று என்னிடம் கேட்டாள்: "பப்பா, சிஸ்டர் ஆன்ட்டி ஃபௌஜியா? ஃபௌஜின்னா பந்தூக் இருக்குமே?" ஃபௌஜி என்றால் பட்டாளத்துக்காரர். பந்தூக் என்றால் துப்பாக்கி. துப்பாக்கி இல்லாதவர் எப்படிப் பட்டாளத்தில் இருந்திருக்க முடியும் என்பது அவள் சந்தேகம்.

அவளுக்கு அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இதுதான் பதில்.

துரு இருந்தால்

நான் பத்தாவது வரை படித்தவன். அதிலும் கணக்கில் தவறியவன். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் டெல்லிக்கு வந்து, ஜங்புராவில் தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பில் மாமன் வீட்டில் ஒண்டிக்கொண்டேன். முதல் வேலை கரோல் பாக்கில், இருபது கட்டில் உள்ள ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில். வார்டு பாய். அந்த நர்ஸிங் ஹோம் இப்போது இல்லை. அந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள்.

அங்கே வார்டுக்குப் பொறுப்பாக இருந்தவர்தான் செண்பகவல்லி சிஸ்டர். சங்கரன்கோவில்காரர். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். உயரம் என் தோள் வரைதான். ஆனால் அவர் வார்டுக்குள் நுழையும்போது டாக்டர்கூடச் சட்டைப் பித்தானைச் சரி பார்த்துக்கொள்வார்.

நான் விரித்த முதல் படுக்கையை அவர் ஒரே இழுப்பில் உருவிப் போட்டார்.

"என்னல இது, படுக்கையா, பன்னி படுத்த எடமா? திரும்ப விரி."

ஏழு தடவை விரித்தேன். எட்டாவது தடவை விரிப்பின் மூலையை எப்படி மடித்துச் செருகுவது என்று அவரே குனிந்து காட்டினார். இன்றைக்கும் என் வீட்டில் நான் விரிக்கிற பாயில்கூட அந்த மூலை இருக்கும். மலர், என் மனைவி, கிண்டல் செய்வாள். பாயை எதற்கு மடித்துச் செருக வேண்டும் என்று எனக்கும் தெரியாது.

சிஸ்டரம்மாவுக்குப் பிடிக்காதது துரு. துரு இருந்தால் அங்கே அழுக்கு தங்கும், அழுக்கு தங்கினால் கிருமி தங்கும் என்பார். அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை, தீபாவளிக்கு முன்னால், வார்டில் உள்ள கட்டில், நோயாளி சாமான் வைக்கும் லாக்கர், டிரிப்ஸ் மாட்டும் கம்பி எல்லாவற்றையும் மாடிக்குக் கொண்டுபோவோம். முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். பழைய பெயின்ட் ஒரு பொட்டுகூட இருக்கக் கூடாது. தகரம் பளபளவென்று தெரிய வேண்டும். பிறகு துணியால் துடைத்து இரண்டு கோட்டு. கட்டிலுக்கு வெள்ளை, லாக்கருக்குப் பச்சை.

இந்த வேலையில் நான் கெட்டிக்காரன் ஆனேன். "ஏழுமல தேச்சா தகரமே தேஞ்சிரும்" என்று அவரே மற்றவர்களிடம் சொல்லுவார். அப்போது அது எனக்குப் பெரிய பெருமை.

பேர் இல்லாமல் போகக் கூடாது

வார்டில் சாவும் வரும். பிள்ளைகளிடம் இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லலாம்.

யாராவது இறந்துவிட்டால், உடம்பைத் துடைத்து, துணி மாற்றி, தள்ளுவண்டியில் ஏற்றி, வார்டு வாசலுக்கு வந்ததும் சிஸ்டரம்மா கையைக் காட்டி நிறுத்துவார். கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி, பெயர், அப்பா பெயர், ஊர் மூன்றையும் படிப்பார். நர்சுகளும் ஆயாக்களும் நானும் நேராக நிற்க வேண்டும். பத்து நொடி. பிறகு வண்டி போகலாம்.

முதல் தடவை பார்த்த அன்று, ஏன் இப்படி என்று கேட்டேன்.

"பேரு இல்லாம ஒருத்தரும் என் வார்ட விட்டுப் போவக் கூடாதுல" என்றார். அவ்வளவுதான்.

ஒரு தடவை ரோட்டில் அடிபட்டுக் கிடந்த ஒருவரை யாரோ ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அறுபது வயது இருக்கும். நினைவு திரும்பவே இல்லை. பையில் ஒரு பீடிக்கட்டும் சீப்பும் இருந்தன. பதினோரு நாள் சிஸ்டரம்மா அவருக்குக் குழாய் வழியாகப் பால் ஊற்றி, முகம் மழித்து, புண் வராமல் புரட்டிப் புரட்டிப் படுக்க வைத்தார். பன்னிரண்டாம் நாள் காலையில் அவர் உயிர் போய்விட்டது.

வண்டி வாசலுக்கு வந்தது. அட்டையில் பெயர் இல்லை. இன்றைக்கு என்ன படிப்பார் என்று எல்லோரும் அவரையே பார்த்தோம்.

சிஸ்டரம்மா அட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பெயர் தெரியாது. ஊர் தெரியாது. நாலாம் நம்பர் கட்டில். பதினோரு நாள் நம்மோடு இருந்தார்.

ஹிந்தியில்தான் சொன்னார். வார்டில் எல்லாம் ஹிந்திதான். தெரியாது என்று சொல்லும்போதும் அவர் குரல் தணியவில்லை என்பது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

படுத்தபடியே

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு மத்தியான வேளை, வார்டு காலியாக இருந்தது. பருத்திப் பஞ்சை உருட்டிக்கொண்டே சொன்னார்.

அவர் ராணுவத்தில் நர்ஸாக இருந்தவர். வெறும் நர்ஸ் இல்லை, அதிகாரி. அங்கே நர்சுகளுக்குத் தோளில் நட்சத்திரம் உண்டு. சிஸ்டரம்மா தோளில் இரண்டு நட்சத்திரம். லெப்டினன்ட். சிப்பாய்கள் அவருக்கு சல்யூட் அடிக்க வேண்டும். அந்தச் சிப்பாய்க்கு நடக்க முடியாமல் போனால் அவன் மலச்சட்டியை எடுப்பவரும் அவர்தான்.

போர் நடந்தபோது எல்லைக்குப் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். எந்தப் போர் என்று கேட்டேன். "ஒங்கம்மா ஒன்னய வயித்துல வச்சிருந்தாள்லா, அப்ப" என்றார். வயது இருபத்து மூன்று. ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது. ரயிலில் காயம்பட்டவர்கள் வந்து இறங்க இறங்க, கட்டில் போதாமல் தரையில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்தார்களாம். அவர் முதலில் கற்ற ஹிந்தி வார்த்தைகள் மூன்று. பானி, தர்த், மா. தண்ணீர், வலி, அம்மா. இந்த மூன்றை வைத்துக்கொண்டே ஒரு மாதம் ஓட்டினேன் என்றார்.

பட்டாளத்தில் ஒரு ஆள் என்றால் நம்பர், ரேங்க், பெயர். இந்த வரிசையில்தான். முதலில் நம்பர். ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள், ஒரே நம்பரில் ஒருவர்தான் இருக்க முடியும். அந்த ஆஸ்பத்திரியில் பெரிய சிஸ்டர் ஒருவர் இருந்தாராம். ஸ்ட்ரெச்சர் வெளியே போகும்போதெல்லாம் அவர் வாசலில் நின்று அட்டையைப் பார்த்து நம்பர், ரேங்க், பெயர் என்று உரக்கப் படிப்பார். நிற்க முடிந்த காயக்காரர்கள் எழுந்து நிற்பார்கள்.

"நிக்க முடியாதவங்க?" என்று கேட்டேன்.

சிஸ்டரம்மா பஞ்சு உருட்டுவதை நிறுத்தினார்.

"படுத்தபடியே அட்டென்ஷன்ல. ரெண்டு கையையும் ஒடம்போட ஒட்டி, வெரல மடக்கி, பெருவெரல நேரா வச்சுக்கிடுவாங்க. ஒரு கை இல்லாதவன் இருக்குத கையை வைப்பான். பாத்தா அழுவ வந்திரும். ஆனா நான் அழுவக் கூடாது. அடுத்த கட்டிலுக்கு ஊசி போடணும்லா."

அதற்கு மேல் போரைப் பற்றி அவர் என்னிடம் பேசியதில்லை.

ஒரு கல்யாணம்

ஏன் பட்டாளத்தை விட்டார்? விடவில்லை. கரோல் பாக்கில் குடியிருந்த ஒரு மத்திய அரசு குமாஸ்தாவைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்தக் காலத்தில் ராணுவ நர்சுகள் கல்யாணம் செய்தால் வேலை போய்விடும் என்று ஒரு விதி இருந்தது. இப்போது இல்லை. அவருக்கு இருந்தது. பென்ஷன் கிடைக்கும் அளவுக்கு வருஷமும் ஆகவில்லை. ஒரு கறுப்புத் தகரப் பெட்டியோடு வெளியே வந்தார்.

கணவர் ஆறாவது வருஷம் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். குழந்தை இல்லை. அப்புறம்தான் நர்ஸிங் ஹோம்.

விதியைப் பற்றி அவர் குறை சொல்லி நான் கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை, குடியரசு தின அணிவகுப்பை நர்ஸிங் ஹோம் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். ராணுவ நர்சுகள் வரிசையாகப் போனார்கள். சிஸ்டரம்மா கையில் இருந்த தெர்மாமீட்டரை உதறிக்கொண்டே இருந்தார். பாதரசம் இறங்கி வெகுநேரம் ஆகியும் உதறிக்கொண்டே இருந்தார்.

இரண்டு கோட்டு

இனி என் தப்பு.

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவதோ நாலாவதோ வருஷம். தீபாவளிக்கு முன்னால் வழக்கம்போல வார்டுக்குப் பெயின்ட் அடித்தோம். டப்பாவில் பச்சை மிச்சம் இருந்தது. சிஸ்டரம்மா தன் வீட்டுச் சாவியைக் கொடுத்து, மாடி அறையில் ஒட்டடை அடித்து வைக்கச் சொன்னார்.

போய் ஒட்டடை அடித்தேன். மூலையில் அந்தக் கறுப்புப் பெட்டி. ஓரமெல்லாம் துரு. மூடியின் மேல் வெள்ளைப் பெயின்ட்டில் என்னமோ ஆங்கில எழுத்தும் எண்களும். எனக்கு அப்போது ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் தெரியும்; அவர் பட்டாளக் கதையும் அப்போது எனக்குத் தெரியாது. ரயில்வே பார்சலில் ஒட்டுகிற விலாசம் மாதிரி ஏதோ பழசு என்று நினைத்துக்கொண்டேன்.

துருவைக் கண்டால் அவருக்குப் பிடிக்காதே. திரும்பி வந்து பார்த்தால் சந்தோஷப்படுவாரே. ஓடிப்போய் மிச்சப் பெயின்ட்டையும் உப்புத்தாளையும் எடுத்து வந்தேன். அவர் சொல்லிக்கொடுத்தபடியே செய்தேன். ஒரு பொட்டுகூட இல்லாமல் தேய்த்தேன். தகரம் பளபளவென்று வந்தது. துடைத்தேன். பச்சை, இரண்டு கோட்டு.

சாயங்காலம் டியூட்டி முடிந்து அவர் படியேறி வந்தார். பெயின்ட் வாசனை அறை முழுக்க. கதவுக்குப் பக்கத்திலேயே நின்று பெட்டியைப் பார்த்தார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு, "நல்லாத் தேச்சிருக்கல" என்றார். ஸ்டவ்வைப் பற்றவைத்து டீ போட்டார். எனக்கு இரண்டு பிஸ்கட்டும் கொடுத்தார்.

ஒன்றிரண்டு வருஷம் கழித்து, ஊருக்குப் போவதற்காகப் புது டெல்லி ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தேன். பட்டாளத்துக்காரர்கள் சிலர் பிளாட்பாரத்தில் தங்கள் பெட்டிகள் மேல் உட்கார்ந்து பூரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாம் கறுப்புப் பெட்டி. ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைப் பெயின்ட்டில் எண்கள், எழுத்து, பெயர்.

நம்பர், ரேங்க், பெயர்.

என் வண்டி வந்து நின்று, ஏறச் சொல்லி மாமன் தோளைப் பிடித்துத் தள்ளும் வரைக்கும் நான் அந்தப் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்ததும் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஊரில் இருந்த பத்து நாளும் நினைத்தேன். கேட்கவில்லை. அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நாளாக நாளாக, கேட்கிற வழி அடைத்துப்போயிற்று. பச்சைப் பெட்டியின் மேல் உட்கார்ந்துதான் அவர் வீட்டில் டீ குடிப்பேன். உறுத்திக்கொண்டே குடிப்பேன்.

சொல்ல வந்ததை

நர்ஸிங் ஹோம் மூடிய பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் பஸ் பிடித்து எங்கள் கேம்ப்புக்கு வந்து, இரத்த அழுத்தம் பார்ப்பார், புண்ணுக்குக் கட்டுப் போடுவார், பிரசவத்துக்கு நாள் எண்ணுகிற பெண்களைத் திட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். அவர் கால் முட்டி இடம் கொடுக்கிற வரை வந்தார். பிறகு நான் வாராவாரம் போய்ப் பார்த்தேன்.

அரசாங்கம் கேம்ப்பை இடித்து எங்களை டெல்லியின் வடகோடியில் உள்ள நரேலாவுக்கு அனுப்பியதும் அது மாதம் ஒரு தடவை ஆயிற்று. நரேலாவிலிருந்து கரோல் பாக் போய்வர ஒரு நாள் சம்பளமும் ஒரு நாள் முழுசும் போய்விடும். இது சமாதானம்தான். அவர் வீட்டுப் படியேறுகிற அளவுக்கு அப்போது எனக்குத் தெம்பு இருந்தது.

கடைசியாக நான் பார்த்தது டிசம்பரில். ரஜாய்க்குள், அதாவது பஞ்சு மெத்தைப் போர்வைக்குள், சுருண்டு படுத்திருந்தார். குரல் மட்டும் மாறவில்லை.

"ஏல ஏழுமல, நான் போறப்ப நீதாம்ல சொல்லணும்."

"என்ன சிஸ்டர்?"

"வார்டுல சொல்லுவோம்லா, அது. வேற யாருக்குத் தெரியும்? முறையாச் சொல்லணும், நம்பர்லேருந்து. பேனா வச்சிருக்கியா? எழுதிக்கிடு, சொல்லுதேன்."

சட்டைப் பையில் பேனா இருந்தது. அவர் வாயைத் திறந்தார். பச்சைப் பெட்டி மேல்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

"அதெல்லாம் இப்ப எதுக்குங்க சிஸ்டர்? நீங்க நூறு வயசு இருப்பீங்க. அபசகுனமா பேசாதீங்க."

நாம் எல்லோரும் இப்படித்தானே பேசுகிறோம், பிள்ளைகளே. வயசானவர்கள் சாவைப் பற்றி ஆரம்பித்தால் வாயை அடைத்துவிடுகிறோம். அன்பு என்று நினைத்துக்கொள்கிறோம். எனக்கு அன்றைக்கு அன்பு பாதி, வெட்கம் பாதி. நம்பரைக் கேட்டு எழுதினால், அது ஏன் பெட்டியில் இல்லை என்கிற பேச்சு வந்துவிடுமே.

சிஸ்டரம்மா வாயை மூடிக்கொண்டார். கொஞ்சம் சிரித்தார். "சரி, டீ ஆறுது, குடி" என்றார்.

இரண்டு மணி

ஜனவரியில் ஒரு நாள் விடிந்ததும் பாபிஜி போன் செய்தார். சிஸ்டரம்மா பால் வாங்கக் கதவைத் திறக்கவில்லை என்றார். நான் நரேலாவிலிருந்து போய்ச் சேர ஒன்பதரை ஆகிவிட்டது. டாக்டர் வந்து பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். தூக்கத்திலேயே போயிருக்கிறார். கைகள் இருந்த விதத்தை முதலிலேயே சொன்னேன்.

சங்கரன்கோவிலில் இருக்கும் அவர் அண்ணன் மகனுக்குப் போன் செய்தேன். அவரே டயாலிசிஸில் இருக்கிறவர். நம்பர் எதுவும் தனக்குத் தெரியாது என்றும், நீங்களே மகன் ஸ்தானத்தில் நின்று செய்யுங்கள் என்றும் அழுதார்.

முன்னாள் ராணுவத்தினருக்காக உள்ள ஒரு அலுவலகத்தின் போன் எண்ணைப் பாபிஜியின் மகன் செல்போனில் தேடிக் கொடுத்தான். எடுத்த எழுத்தர் மரியாதையாகப் பேசினார். நம்பர் சொல்லுங்கள், உடனே பார்க்கிறேன், இருந்தால் ஒருவரை மலர் வளையத்தோடு அனுப்ப முடியுமா என்று கேட்டுப் பார்க்கிறேன் என்றார். நம்பர் தெரியாது என்றேன். அவர் போனை வைக்காமல் காத்திருந்தார். தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிடுகிறேன் என்றேன்.

அலமாரியில் தேடினேன். ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகி அவருடைய காகிதங்கள் எல்லாம் கூழாகிவிட்டன. அது எனக்கே தெரியும், நான்தான் அள்ளிக் கொட்டினேன். மிச்சம் அந்தப் பெட்டிதான்.

சுரண்டினேன். இரண்டு கோட்டும் உரிந்த இடத்தில் சில இடங்களில் வெள்ளையின் சாயல் தெரிந்தது. தகரத்தின் குழிகளில், உப்புத்தாள் எட்டாத இடங்களில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தேன். நாக்கால் விரலை ஈரம் செய்து தடவிப் பார்த்தேன். முதலில் ஆங்கில எழுத்து ஒன்று. பிறகு ஒரு ஒன்று. ஒரு நான்கு. ஒரு ஆறு. கீழே எல்.டி. என்று ரேங்க். அதற்குக் கீழே அவர் பெயரின் பின்பாதி.

ஆறுக்கு அப்புறம் இன்னும் இரண்டு எண்களுக்கு இடம் இருந்தது. அங்கே கத்தி போனால் வெறும் தகரம். அந்த இடத்தை நன்றாகத் தேய்த்திருக்கிறேன்.

எழுத்தருக்குத் திரும்பவும் போன் செய்து இருந்ததைச் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார்.

"கடைசி ரெண்டு எண் இல்லாம நூறு பேர் வருவாங்க பாய்சாப். இதுல உங்க சிஸ்டர் யாருன்னு நான் எப்படிச் சொல்ல?"

பெயரை வைத்துத் தேட வேண்டுமானால் பழைய காகிதங்களில் தேட வேண்டும், வாரக்கணக்கில் ஆகும் என்றார். மணி ஒன்று நாற்பது.

நான் அப்புறமும் சுரண்டினேன். கீழே வண்டியின் ஹாரன் கேட்டதும்தான் கத்தியைக் கீழே வைத்தேன். பாபிஜி என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் துணி எடுத்துச் சுற்றினார். கட்டைவிரல் கிழிந்திருந்தது எனக்குத் தெரியவில்லை.

அவரைத் துடைத்து, வெள்ளைப் பருத்திப் புடவை உடுத்தியிருந்தார்கள். கைகளை அப்படியே விட்டிருந்தார்கள். நான்கு பேர் பாடையைத் தூக்கினார்கள். மொட்டைமாடி கடந்து படிக்கட்டு வாசலுக்கு வந்ததும், முன்னால் இருந்தவர் பாடை தூக்கும்போது இங்கே சொல்லும் "ராம் நாம் சத்ய ஹை"யை ஆரம்பித்தார்.

நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

வார்டில் இதை ஹிந்தியில்தான் சொல்வோம். அன்று எனக்குத் தமிழ்தான் வந்தது. இடது உள்ளங்கையில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்துப் படித்தேன். எழுத்து, ஒன்று, நான்கு, ஆறு.

"கடைசி ரெண்டு எண் தெரியாது. அழிச்சது நான்" என்றேன். குரலைத் தணிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே சொன்னேன். தணிந்துவிட்டது. திரும்பவும் சொன்னேன்.

"லெப்டினன்ட் செண்பகவல்லி. ராணுவ நர்ஸ். ஊர் சங்கரன்கோவில். இவ்வளவு வருஷம் நம்ம கூட இருந்தாங்க."

அங்கே இருந்த யாருக்கும் தமிழ் தெரியாது. ஆனாலும் யாரும் அசையவில்லை. பாடையைத் தூக்கியவர்கள் நின்றார்கள். படிக்கட்டில் கீழே இருந்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பாபிஜி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கையைக் கீழே விட்டு நின்றார். பத்து நொடி எண்ணினேன். பிறகு, போகலாம் என்றேன்.

பூஜா, துப்பாக்கி இல்லை. நீ கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான்.

அந்த எழுத்தருக்கு மனு எழுதிப் போட்டிருக்கிறேன். நல்ல மனிதர், தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார். எப்போதாவது கிடைக்கும். ஆனால் எனக்கு அது வேண்டியிருந்தது அன்றைக்கு இரண்டு மணிக்கு.

பெட்டி இப்போது நரேலாவில் எங்கள் வீட்டில் இருக்கிறது. சுரண்டிய இடத்தில் துரு ஏற ஆரம்பித்திருக்கிறது. ஒரு கோட்டு பெயின்ட் அடித்துவிடுங்களேன் என்கிறாள் மலர். நான் அடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு, அந்த மூன்று எண்களின் மேல் அழுத்தாமல் துடைத்து வைக்கிறேன்.